பாஸ்போபாக்டீரியா: தூவினால் தொலையும், விதையில் ஒட்டினால் வேலை செய்யும்

வேளாண்மை விரிவாக்க மையத்தில் உளுந்து விதையோ நெல் விதையோ வாங்கினால் கூடவே 200 கிராம் பாக்கெட் ஒன்றும் கைக்கு வரும். கறுப்பாக, ஈரமாக, நிலக்கரித் தூள் போல இருக்கும். அதுதான் பாஸ்போபாக்டீரியா: மண்ணில் பூட்டிக் கிடக்கும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, கரைத்துப் பயிருக்குக் கொடுக்கும் உயிர் உரம். மதுரைப் பக்கம் பல வீடுகளில் அது ஜன்னல் ஓரத்திலோ, மோட்டார் ரூம் தகரக் கூரைக்கு அடியிலோ கிடந்து, கடைசி நாளில் குப்பையோடு கலந்து வயல் முழுக்க வீசப்படுகிறது. பிறகு "போட்டுப் பார்த்தாச்சு, ஒன்றும் தெரியலை" என்கிறார்கள். அப்படிச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. வீசியதில் ஒன்றும் தெரியாமல் போவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்துவிட்டால் பாக்கெட்டை எங்கே, எப்படி, எப்போது வைக்க வேண்டும் என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதலில் மண்ணில் இருக்கும் சரக்கு. ஒரு ஏக்கரில் மேல் அரை அடி மண் ஏறக்குறைய 900 டன் எடை இருக்கும். அதில் மொத்த பாஸ்பரஸ் 0.04 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 360 கிலோ. மூட்டையில் அச்சிட்டிருக்கும் மணிச்சத்துக் கணக்கு பாஸ்பரஸ் பென்டாக்சைடாகப் போடப்படுவது. அந்தக் கணக்கில் இது 800 கிலோவுக்கு மேல். 50 கிலோ டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட்) உர மூட்டையில் மணிச்சத்து 23 கிலோ. அதாவது 35 மூட்டை டிஏபிக்குச் சமமான சரக்கு காலடியில் கிடக்கிறது. ஆனால் வேர் உறிஞ்சுவது மண் நீரில் கரைந்திருக்கும் பாஸ்பேட்டை மட்டும்தான். ஒரு நேரத்தில் அப்படிக் கரைந்து நிற்பது மிகச் சொற்பம். மீதியெல்லாம் பூட்டிக் கிடக்கிறது.

நாம் போடும் உரத்துக்கும் அதே கதிதான். டிஏபி தண்ணீரில் நன்றாகக் கரையும். கரைந்த பிறகு மண்ணில் உள்ள சுண்ணாம்பு, இரும்பு, அலுமினியம் இவற்றைப் பிடித்துக்கொண்டு கெட்டியாகிவிடும். போட்ட முதல் பயிருக்குக் கிடைப்பது நூற்றில் 15 முதல் 20 பங்கு என்பதுதான் பொதுவான கணக்கு. மற்றது வீணாகி ஓடிவிடுவதில்லை, மண்ணிலேயே சேர்கிறது. வருடா வருடம் டிஏபி போட்ட தோட்டத்தில் மணிச்சத்து வைப்பு நிதி போல ஏறிக்கொண்டே போகும். பாஸ்போபாக்டீரியா புதிதாக மணிச்சத்தை உண்டாக்குவதில்லை. இந்த வைப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ரைசோபியமும் அசோஸ்பைரில்லமும் காற்றிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்து வரும் பாக்டீரியாக்கள். இது அந்த வகை வேலை இல்லை. இந்த வித்தியாசம் மனதில் இருந்தால் எதிர்பார்ப்பும் சரியாக இருக்கும்.

பாக்கெட்டில் பெரும்பாலும் இருப்பது பேசில்லஸ் மெகாட்டீரியம் என்ற பாக்டீரியா. 2020இல் அதன் பெயரை ப்ரீஸ்டியா மெகாட்டீரியம் என்று மாற்றிவிட்டார்கள், பாக்கெட்டில் பழைய பெயரே நீடிக்கிறது. சிலவற்றில் சூடோமோனாஸ் ஸ்ட்ரையேட்டா இருக்கும். வேர் கசியவிடும் சர்க்கரையைத் தின்று, குளுக்கோனிக் அமிலம், சிட்ரிக் அமிலம், ஆக்சாலிக் அமிலம் போன்றவற்றை இவை வெளியே விடுகின்றன. அமிலம் பாஸ்பேட்டைக் கரைக்கிறது. அதோடு, பாஸ்பேட்டைப் பிடித்து வைத்திருக்கும் கால்சியத்தையும் இரும்பையும் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது. மக்கிய பொருளுக்குள் சிக்கியிருக்கும் பாஸ்பரஸை விடுவிக்க பாஸ்பட்டேஸ், ஃபைட்டேஸ் என்ற நொதிகளையும் சுரக்கின்றன. வேர் வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோனையும் கொஞ்சம் தருகின்றன. வயலில் தெரியும் பலனில் எவ்வளவு கரைத்ததால் வந்தது, எவ்வளவு வேர் கூடியதால் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். விவசாயிக்கு அது பெரிய விஷயமும் இல்லை. ஆனால் இரண்டுமே வேருக்குப் பக்கத்தில் நடந்தால்தான் பயன். பாஸ்பேட் மண்ணில் நகரவே நகராது என்று சொல்லலாம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தாண்டுவதே அதிகம். வேரிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒரு பாக்டீரியா அமிலம் விட்டுக் கரைத்தால், அந்தப் பாஸ்பேட் செடிக்கு வந்து சேரும் முன்பே மறுபடி பூட்டிக்கொள்ளும்.

இப்போது அந்தக் கணக்கு. உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தூள் வடிவப் பாக்கெட்டில் ஒரு கிராமுக்குக் குறைந்தது 5 கோடி உயிருள்ள செல்கள் இருக்க வேண்டும். திரவம் என்றால் மில்லிக்கு 10 கோடி. 200 கிராம் பாக்கெட்டில் ஆக 1,000 கோடி. கேட்க மிகப் பெரிய எண். ஏக்கருக்கு 4 பாக்கெட் தூவினால் 4,000 கோடி. அதை 900 டன் மண்ணுக்குப் பங்கு போட்டால் ஒரு கிராம் மண்ணுக்கு 44 செல். அதே ஒரு கிராம் மண்ணில் ஏற்கெனவே கோடிக்கணக்கில் வேறு பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. அவை வந்தவனுக்கு இடம் விடாது. சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் 44 பேரை இறக்கிவிட்டு அவர்களைத் தேடுவது மாதிரிதான்.

இனி விதை. உளுந்து ஆயிரம் மணி ஏறக்குறைய 40 கிராம். 10 கிலோவில் இரண்டரை லட்சம் மணி. அந்த 10 கிலோவுக்கு ஒரே ஒரு பாக்கெட் பூசினால் ஒரு மணிக்கு 40,000 செல். பாதி உதிர்ந்து போனாலும் 20,000. அவை முளைவேர் வெளியே வரும் அதே இடத்தில், அதே நாளில், வேர் கசியும் முதல் சர்க்கரைக்கு முன்னால் வரிசையில் நிற்கின்றன. கால் பங்கு சரக்கு, ஏறக்குறைய ஆயிரம் மடங்கு நெருக்கம். இப்படி விதையில் பூசும் விதை நேர்த்தி முதலில், நாற்றின் வேரை நனைப்பது அடுத்து, உழவு சாலில் எருவோடு இடுவது அதற்கடுத்து, வயல் முழுக்க வீசுவது கடைசி என்று நான் வரிசைப்படுத்துவது இதனால்தான்.

விதை நேர்த்தி செய்யும் முறை

ஒரு பாக்கெட்டுக்கு 200 மில்லி அரிசிக் கஞ்சி போதும். கஞ்சி நன்றாக ஆறியிருக்க வேண்டும். விரலை விட்டால் வெதுவெதுப்பு தெரிந்தால் இன்னும் காத்திருங்கள். உப்புப் போடாத கஞ்சி. பாக்கெட்டைக் கஞ்சியில் கரைத்தால் தோசை மாவைவிடக் கொஞ்சம் தளர்வான குழம்பு கிடைக்கும். 10 கிலோ விதையைச் சுத்தமான சாக்கிலோ, சிமெண்ட் தரையிலோ கொட்டி, குழம்பை ஊற்றிக் கையால் பிரட்ட வேண்டும். எல்லா மணியிலும் கறுப்பு ஒட்டியிருந்தால் சரி. நிழலில் அரை மணி நேரம் பரப்பி உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிடுங்கள். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

கஞ்சிக்குப் பதில் வெல்லக் கரைசல் சேர்ப்பவர்கள் உண்டு. ஒட்டும், ஆனால் எறும்பு வரும். செவல் நிலத்தில் எறும்பு விதையையே இழுத்துக்கொண்டு போய்விடும். கஞ்சியே நல்லது.

நிலக்கடலைக்குப் பிரட்டும்போது கை மெதுவாக இருக்கட்டும். தோல் உரிந்த பருப்பு அழுகிவிடும். முளைப்பு குறைந்ததற்குப் பாக்டீரியா மேல் பழி விழும். விதைப்பு இயந்திரத்தில் போடுவதாக இருந்தால் ஈரம் சுத்தமாக வற்ற வேண்டும், இல்லாவிட்டால் மணிகள் ஒட்டிக்கொண்டு தட்டில் அடைத்து, வரிசையில் இடைவெளி விழும்.

பயறு வகைக்கு ரைசோபியமும் சேர்த்துப் பூசலாம். இரண்டும் ஒன்றையொன்று கெடுப்பதில்லை. பாக்கெட் கூடினால் கஞ்சியும் அதே அளவில் கூட வேண்டும். நோய்ப் பூசணங்களை அடக்கும் ட்ரைக்கோடெர்மா விரிடியைக் கிலோவுக்கு 4 கிராம் சேர்ப்பவர்கள் தாராளமாகச் சேர்க்கலாம். கார்பெண்டாசிம் போன்ற பூசண மருந்து பூசுவதாக இருந்தால் அதை முதல் நாளே பூசிவிட்டு, 24 மணி நேரம் கழித்து உயிர் உரம் பூச வேண்டும். உயிர் உரம் எப்போதும் கடைசி. கடையில் வாங்கும் விதை சிவப்போ நீலமோ சாயம் பூசி வந்தால் அதில் ஏற்கெனவே மருந்து இருக்கிறது என்று அர்த்தம். அந்த விதைக்கு மேல் பூசுவதைவிடச் சாலில் இடுவது மேல்.

திரவ பாஸ்போபாக்டீரியா என்றால் ஒரு ஏக்கர் விதைக்கு 50 மில்லி, நாற்று நனைக்க 100 மில்லி, மண்ணில் இட 200 மில்லி. ஊற்றும் முன் பாட்டிலைக் குலுக்க வேண்டும். அடியில் படிவது இயல்பு. பாட்டில் உப்பியிருந்தாலோ, திறந்ததும் அழுகல் வாடை வந்தாலோ தூக்கிப் போட்டுவிடுங்கள்.

நாற்று நனைப்பதற்கு ஏக்கருக்கு 2 பாக்கெட், 40 லிட்டர் தண்ணீர். தக்காளி, கத்திரி, மிளகாய், மல்லிகைப் பதியன், எதுவானாலும் வேர்ப் பகுதி மட்டும் நனையும்படி 10 நிமிடம், பிறகு உடனே நடவு. தண்ணீர் எது என்பதைக் கவனிக்க வேண்டும். குழாயில் வரும் குளோரின் கலந்த குடிநீரை அப்படியே பயன்படுத்தாதீர்கள்; குளோரின் வேலையே பாக்டீரியாவைக் கொல்வதுதான். கிணற்றுத் தண்ணீர் நல்லது. வேறு வழி இல்லையென்றால் குழாய்த் தண்ணீரை வாய் அகன்ற அண்டாவில் ஒரு நாள் வெயிலில் வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். மருந்தடிக்கும் கைத்தெளிப்பான் டேங்கிலோ, காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற பூசண மருந்து கலந்த வாளியிலோ கரைப்பது எல்லாவற்றையும் பாழாக்கும்.

மண்ணில் இடுவதற்கு ஏக்கருக்கு 4 பாக்கெட், 20 கிலோ நன்கு மக்கிப் பொடித்த குப்பை. கலந்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, பிடித்தால் உருண்டை நிற்கும், தட்டினால் உதிரும் அளவு ஈரத்தில், சாலில் விதைக்கு அடியில் இடுவது. மாலையில் இட்டு உடனே மூட வேண்டும். மக்காத சாணியில் கலந்தால் சூடு ஏறும். சாம்பலோடு கலக்காதீர்கள், காரம் அதிகம். டிஏபி, யூரியா, காம்ப்ளெக்ஸ் எதையும் அதே கூடையில் சேர்க்க வேண்டாம். உப்பின் செறிவிலேயே செல் சுருங்கிச் செத்துவிடும். ஒரு வாரமாவது இடைவெளி விடுவது நல்ல வழக்கம்.

கரிசலும் செவலும் நஞ்சையும்

எல்லா நிலத்திலும் ஒரே பலன் கிடைக்காது. இதைச் சொல்லாமல் விற்பதால்தான் பாக்கெட் மேல் நம்பிக்கை போகிறது.

திருமங்கலம், கள்ளிக்குடி, டி.கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கத்துக் கரிசலில் கார அமில நிலை (pH) 8ஐத் தாண்டும் இடங்கள் உண்டு. உழும்போது சுக்கான் கல் என்ற சுண்ணாம்புக் கல் வெள்ளை வெள்ளையாக மேலே வரும். அந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டால் நுரைத்துப் பொங்கும். அந்த நுரை, பாக்டீரியா விடும் அமிலத்துக்கு என்ன நடக்கும் என்பதையும் காட்டிவிடுகிறது. பாஸ்பேட்டைத் தொடும் முன்பே சுண்ணாம்பு அமிலத்தைத் தின்றுவிடும். ஆய்வகத் தட்டில் நன்றாகக் கரைக்கும் பாக்டீரியா கரிசலில் சோர்ந்து போவதற்குக் காரணம் இதுதான். ஆய்வகத்தில் பயன்படும் பிகோவ்ஸ்காயா ஊடகம் 1948இலிருந்து இருக்கிறது. லிட்டருக்கு 10 கிராம் குளுக்கோஸ், 5 கிராம் ட்ரைகால்சியம் பாஸ்பேட் போட்ட தட்டு. பாக்டீரியா வளரும் இடத்தைச் சுற்றிப் பால் போன்ற வெண்மை மறைந்து தெளிந்த வளையம் விழுந்தால் அது பாஸ்பேட்டைக் கரைக்கிறது என்று பொருள். ஆனால் அந்தத் தட்டில் சர்க்கரை தாராளம், சுண்ணாம்பு இல்லை, ட்ரைகால்சியம் பாஸ்பேட்டும் சுலபமாகக் கரையக் கூடியது. கரிசலில் இந்த மூன்றுமே தலைகீழ்.

ஆகவே சுக்கான் நிலத்தில் வெறும் பாக்கெட்டை மட்டும் நம்ப வேண்டாம். ஊட்டமேற்றிய தொழு உரத்தோடு சேர்த்துப் போடுங்கள். மானாவாரிப் பயறுக்கு ஏக்கருக்கு 10 கிலோ மணிச்சத்து என்றால் அது ஏறத்தாழ 62 கிலோ சூப்பர் பாஸ்பேட். அதை 300 கிலோ சலித்த குப்பையோடு கலந்து, ஈரம் காட்டி, நிழலில் குவித்து, மேலே சேற்றால் பூசி ஒரு மாதம் விட வேண்டும். சூப்பர் பாஸ்பேட்டில் உள்ள பாஸ்பேட்டின் ஒரு பகுதி மக்கும் பொருளோடும் நுண்ணுயிர் உடம்போடும் சேர்ந்துவிடும்; சுண்ணாம்பு உடனே பிடிக்க முடியாது. விதைக்கும் அன்று குவியலைப் பிரித்து, சூடு இல்லை என்று பார்த்து, பாஸ்போபாக்டீரியா 4 பாக்கெட் கலந்து சாலில் போட்டால், அதைச் சுற்றி விரலளவு இடத்திலாவது பாக்டீரியாவின் கை ஓங்கியிருக்கும்.

இந்தப் பக்கம் இன்னொரு சிக்கல், புழுதி விதைப்பு. புரட்டாசியில் மழையை எதிர்பார்த்துக் காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டுக் காத்திருப்பது கரிசல் வழக்கம். மழை இரண்டு வாரம் தள்ளினால் விதை தாங்கும், விதை மேல் பூசிய பாக்டீரியா தாங்காது. பேசில்லஸ் வகை வித்துகளாக மாறி ஓரளவு பிழைக்கும். சூடோமோனாஸுக்கு அந்த வித்தை கிடையாது, காய்ந்ததும் செத்துவிடும். புழுதியில் விதைப்பவர்கள் பாக்கெட்டின் மேல் எந்தப் பெயர் இருக்கிறது என்று படித்து பேசில்லஸையே வாங்க வேண்டும். முடிந்தால் விதை நேர்த்தியை விட்டுவிட்டு, மழை பெய்து முளைத்த பிறகு முதல் களையெடுப்பின்போது எருவோடு செடி ஓரமாக இடலாம். ஈரம் இருக்கும் நாளில் மட்டும்.

உசிலம்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கத்துச் செவல் நிலம் இதற்கு ஏற்றது. சுண்ணாம்பு குறைவு, வடிகால் நல்லது. குறை என்னவென்றால் கரிமம் மிகக் குறைவு. பாக்டீரியா அமிலம் விடுவது தான் தின்ற சர்க்கரையிலிருந்து. தீனி இல்லாத இடத்தில் அமிலமும் இல்லை. வேர் கசிவது கொஞ்சம், குப்பையும் சருகும் தருவது மீதி. ஆடியில் கொழிஞ்சியோ சணப்போ விதைத்து மடக்கி உழுத செவல் நிலத்தில் பாக்கெட் வேலை செய்வதும், பத்து வருடமாகக் குப்பையே காணாத பக்கத்து நிலத்தில் செய்யாததும் இதனால்தான். கண்மாய் வண்டல் அடித்த செவலும் நல்ல நிலம்; வண்டல் ஈரத்தைப் பிடித்து வைக்கும்.

நஞ்சைக் கதை வேறு. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இருபோகம், மேலூர்ப் பக்கம் ஒருபோகம் என்று பெரியாறு–வைகைத் தண்ணீர் பாயும் வயல்களில், தண்ணீர் கட்டிய சில வாரங்களில் மண்ணில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அப்போது இரும்பு தன் பிடியைத் தளர்த்தி, பூட்டி வைத்த பாஸ்பேட்டைத் தானே விட்டுவிடும். யாரும் போடாமலே மணிச்சத்து கூடும். நெல்லுக்கு பாஸ்போபாக்டீரியா பெரிதாக உதவாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். நாற்றங்காலில் சென்ட்டுக்கு 2 கிலோ டிஏபி போட்டிருந்தால் அங்கே இதற்கு வேலையே இல்லை. கரைந்த பாஸ்பேட் தாராளமாக இருக்கும்போது பாக்டீரியா அந்த நொதிகளைச் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும்.

ஆனால் சம்பா அறுத்த பிறகு அதே வயல் காயத் தொடங்கியதும் இரும்பு மறுபடி ஆக்சிஜனோடு சேர்ந்து பாஸ்பேட்டை முன்னைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில்தான் நெல் தரிசில் உளுந்தும் பாசிப்பயறும் முளைக்கின்றன. உழவு கிடையாது, அடியுரம் கிடையாது, அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது தெளித்த விதை மட்டும். மதுரை மாவட்டத்தில் ஒரு பாக்கெட்டுக்கு முழு மதிப்புக் கிடைக்கும் இடம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன். ஏக்கருக்கு 10 கிலோ விதை, ஒரு பாக்கெட் ரைசோபியம், ஒரு பாக்கெட் பாஸ்போபாக்டீரியா, கஞ்சி. பூக்கும்போதும் அதன்பின் 15 நாள் கழித்தும் 2 சதவீத டிஏபி கரைசல் இலைவழி கொடுப்பது தொடரட்டும்: 4 கிலோ டிஏபியை முதல் நாள் இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்து, 200 லிட்டராக்கித் தெளிப்பது. இலையில் அடிப்பது வேரில் இருக்கும் பாக்டீரியாவைத் தொந்தரவு செய்யாது.

மல்லிகைத் தோட்டக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. குண்டுமல்லிக்குப் பரிந்துரையே செடிக்கு ஆண்டுக்கு 120 கிராம் மணிச்சத்து, தழைச்சத்தைப் போல இரு மடங்கு. பூவில் வெளியே போவது அதில் சிறு பகுதிதான். பத்து வருடத் தோட்டத்தில் மணிச்சத்து வைப்பு குவிந்து கிடக்கும். அளவுக்கு மீறிய மணிச்சத்து துத்தநாகத்தையும் இரும்பையும் செடிக்குக் கிடைக்காமல் செய்யும். இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும்போது பலர் இன்னும் ஒரு கை டிஏபி வைக்கிறார்கள், நிலைமை மோசமாகிறது. மண் பரிசோதனையில் மணிச்சத்து அதிகம் என்று வந்தால், நவம்பர் கடைசியில் கவாத்து முடித்துக் குழி பறித்துக் குப்பை வைக்கும்போது 4 பாக்கெட்டை 100 கிலோ சலித்த குப்பையில் கலந்து செடிக்கு ஒரு கைப்பிடி வேர்ப்பக்கம் வைத்து மூடி, அந்த வருட மணிச்சத்தைத் துணிந்து குறைக்கலாம்.

சோழவந்தான், வாடிப்பட்டித் தென்னைக்கு மரத்துக்கு 50 கிராம் பாஸ்போபாக்டீரியா, 50 கிராம் அசோஸ்பைரில்லம், 50 கிராம் வேம் (வேரோடு சேர்ந்து வாழும் பூசணம்), ஆறு மாதத்துக்கு ஒரு முறை. மரத்திலிருந்து ஆறடிக்குள் வட்டப் பாத்தியில், குப்பையோடு. வேம் பூசணத்தைச் சேர்ப்பதில் அர்த்தம் உண்டு: பாக்டீரியா கரைக்கிறது, பூசண இழை வேர் எட்டாத தூரத்திலிருந்து சுமந்து வருகிறது.

அட்டையில் எதைப் பார்ப்பது

மண் பரிசோதனை அட்டையில் "கிடைக்கும் மணிச்சத்து" என்ற வரி. ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழ் குறைவு, 11 முதல் 22 நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். ஏக்கர் கணக்கில் எழுதியிருந்தால் எல்லைகள் 4.5, 9. எந்தக் கணக்கு என்று பார்க்காமல் படித்தால் முடிவு தலைகீழாகும். பொதுவான பரிந்துரை, பாஸ்போபாக்டீரியா போட்டால் மணிச்சத்து உரத்தில் கால் பங்கு குறைக்கலாம் என்பது. நடுத்தரமும் அதிகமும் உள்ள நிலத்தில் இதை அப்படியே கேட்கலாம். குறைவு என்று வந்த நிலத்தில் முதல் வருடம் எதையும் குறைக்காதீர்கள். அங்கே வைப்பும் கொஞ்சமாக இருக்க வாய்ப்பு உண்டு. முழு உரமும் போட்டு, பாக்கெட்டும் விதையில் பூசுங்கள்.

வாங்கும்போது நுண்ணுயிரின் பெயர், செல் எண்ணிக்கை, தயாரித்த தேதி, காலாவதித் தேதி, தொகுதி எண் ஐந்தும் அச்சில் இருக்க வேண்டும். தூள் பாக்கெட் ஆறு மாதம், திரவம் ஒரு வருடம். தூள் கையில் ஈரமாக இருக்க வேண்டும். 30 முதல் 40 சதவீத ஈரம் அதன் இலக்கணம். பிரித்ததும் மாவாகப் பறந்தால் உள்ளே உயிர் அதிகம் இருக்காது. கண்ணால் பார்த்து உயிரை எண்ண முடியாது என்பதால் தேதியும் வைத்திருந்த இடமும்தான் நமக்கு உள்ள சாட்சி. கடையில் யூரியா மூட்டை மேல் அடுக்கி வைத்திருந்தால் வாங்காதீர்கள். சித்திரை, வைகாசியில் பைக் பெட்டியில் போட்டு இரண்டு மணி நேரம் சுற்றினால் வீட்டுக்கு வருவது வெறும் கரித்தூள். ஈரத் துணியில் சுற்றி எடுத்து வந்து, மண் பானையில் வைத்து, பானையைச் சுற்றி ஈர மணல் போட்டு நிழலில் வைக்கலாம். ஃப்ரீசரில் வைக்க வேண்டாம்.

ஒரு பாக்கெட்டை டிரம்மில் வெல்லத் தண்ணீரோடு ஊறவைத்துப் பெருக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. வெல்லத் தண்ணீரில் எது வேண்டுமானாலும் பெருகும். காற்றிலும் தண்ணீரிலும் டிரம் சுவரிலும் இருப்பவை நாம் போட்டதைவிட வேகமாக வளரும். நான்காம் நாள் டிரம்மில் நுரை இருக்கிறது என்பதால் அதில் பாஸ்போபாக்டீரியா இருக்கிறது என்று ஆகாது. விலை குறைந்த பொருள். ஒவ்வொரு போகத்துக்கும் புதிதாக வாங்குவதே சரி. போன போகத்தில் போட்டது மண்ணில் நிலைத்திருக்கும் என்றும் நம்ப வேண்டாம், எண்ணிக்கை சில மாதங்களில் கரைந்துவிடும்.

உங்கள் நிலத்தில் பலன் இருக்கிறதா என்று அறிய ஒரே வழி, பூசாத விதையையும் பக்கத்திலேயே விதைப்பது. ஒரே மண், ஒரே தண்ணீர் வரும் இடத்தில் 2 சென்ட் அளவில் ஆறு பாத்தி. ஒன்று விட்டு ஒன்றில் பூசிய விதை, மற்றவற்றில் கஞ்சி மட்டும் பூசிய விதை. மூன்றுக்கு மூன்று இருந்தால்தான் மண்ணின் ஏற்றத்தாழ்வு ஏமாற்றாது. பூசாத விதையை முதலில் விதைத்துவிடுங்கள், கையில் ஒட்டிய பாக்டீரியா அங்கே போகக் கூடாது. சாலில் எருவோடு இடுவதைச் சோதித்தால் மற்றப் பாத்திக்கும் அதே அளவு வெறும் எரு கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எருவின் பலனைப் பாக்டீரியாவின் பலன் என்று எண்ணிவிடுவோம். இருபத்தைந்தாம் நாள் ஒவ்வொரு பாத்தியிலும் பத்துச் செடியை மண்வெட்டியால் பக்கவாட்டில் தோண்டி எடுத்து, வேரைக் கழுவி, ஈரத்தை ஒற்றி எடைபோடுங்கள். மக்காச்சோளம் என்றால் இளம் பயிரின் அடியிலை ஊதாவாகிறதா என்றும் பாருங்கள்; தண்ணீர் தேங்கினாலும் அந்த ஊதா வரும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர வேண்டாம். அறுவடையில் பாத்திவாரியாகக் காயவைத்து நிறுத்து எழுதுங்கள். மூன்று பூசிய பாத்தியும் மூன்று பூசாத பாத்தியையும் தாண்டியிருந்தால் அடுத்த போகத்தில் டிஏபியில் கால் பங்கைக் குறைத்து இதே ஆறு பாத்தியை மறுபடி போடலாம். வித்தியாசம் இல்லையென்றால் முதலில் அமிலச் சொட்டு விட்டு நுரையைப் பாருங்கள், அடுத்து அட்டையில் கரிமத்தின் அளவைப் பாருங்கள்.